வடசென்னை மொட்டைமாடியிலிருந்து வானத்தைப் படமெடுக்க: கைப்பேசியா, பழைய கேமராவா, டிராக்கரா, ஸ்மார்ட் டெலஸ்கோப்பா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழியின் பிற்பாதியில் வானம் தெளியத் தொடங்கியதும், திருவொற்றியூர், மாதவரம், கொளத்தூர், மீஞ்சூர் பக்கமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு வடிவில் வருகிறது. மொட்டைமாடியிலிருந்தே நட்சத்திரங்களைப் படமெடுக்க வேண்டும், சேர்த்து வைத்திருப்பது ஐம்பது அறுபதாயிரம் ரூபாய், எதை வாங்கலாம் என்பதுதான் அது. இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் பரிந்துரைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வசிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே துருவ நட்சத்திரம் நாற்பது ஐம்பது பாகை உயரத்தில் நிற்கிறது. நமக்கு அது வெறும் 13 பாகை உயரத்தில், எண்ணூர் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகளுக்குச் சற்றே மேலே கிடக்கிறது. இந்த ஒரு வேறுபாடே, அந்தப் பரிந்துரைகளில் முதலிடம் பெறும் ஸ்டார் டிராக்கரை நம் ஊரில் கடைசி இடத்துக்குத் தள்ளப் போதுமானது.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் வானத்தின் வெளிச்சம். 2001-இல் ஜான் போர்ட்டில் வகுத்த ஒன்பது படி அளவுகோலில் 1 என்பது மிக இருண்ட வானம், 9 என்பது மாநகரின் நடுப்பகுதி. நம் பகுதி 8-க்கும் 9-க்கும் இடையில் வரும். நுங்கம்பாக்கத்தில் இருந்த வான்நோக்கு நிலையத்திலிருந்து 1861-இல் நார்மன் போக்சன் ‘ஏசியா’ என்ற சிறுகோளையும், 1867-இல் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒரு மாறொளி விண்மீனையும் கண்டுபிடித்தது இதே நகரத்து வானத்தில்தான் என்றாலும், அந்த இருட்டு இனித் திரும்பாது என்று வைத்துக்கொண்டே நாம் கணக்குப் போட வேண்டும். கணக்கு எளியது. வானத்தின் பின்னணி பதினைந்து மடங்கு வெளிச்சமாக இருந்தால், மங்கலான ஒரு நெபுலாவை (விண்வெளியில் உள்ள வாயு, தூசு மேகத்தை) அதே தெளிவில் எடுக்க ஏறத்தாழப் பதினைந்து மடங்கு நேரம் ஒளி சேர்க்க வேண்டும். ஆகவே ஒரு கருவியைப் பார்க்கும்போது அதன் திறனைவிட, அதைக் கொண்டு ஓர் இரவில் எத்தனை மணி நேரம் சிரமமில்லாமல் ஒளி சேர்க்க முடியும் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

இரண்டாவது, உங்கள் மாடி எந்தத் திசையில் திறந்திருக்கிறது என்பது. திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலை, வடக்கே அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும், தெற்கே நகரம் என்று மூன்று பக்கமும் வெளிச்சம் சூழ்ந்தாலும், கிழக்கே கடல் இருக்கிறது. நங்கூரமிட்ட கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் தவிர அங்கே விளக்கில்லை. குளிர்காலத்து நட்சத்திரங்கள் மாலையில் அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுகின்றன. கொளத்தூர், புழல் பகுதியில் ஏரி இருக்கும் திசை மட்டும் ஓரளவு இருட்டாகக் கிடைக்கும், ஆனால் பின்னிரவில் அங்கே மூடுபனி படியும்.

மற்றவை சொந்தப் பழக்கத்தைப் பொறுத்தவை. கணினி முன் அமர்ந்து ஒரு படத்தைச் செப்பனிட மூன்று மணி நேரம் செலவழிப்பது உங்களுக்கு இன்பமா, தண்டனையா? எத்தனை மாடி ஏறித் தூக்கிச் செல்ல வேண்டும்? மேகம் மூடியிருக்கும் எட்டு மாதங்களில் அந்தப் பொருள் வேறு எதற்காவது பயன்படுமா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை.

கைப்பேசியும் முக்காலியும்

கூகுள் பிக்சல் போன்கள் 2019 முதல் முக்காலியில் வைத்தால் நான்கு நிமிடம் வரை ஒளி சேர்க்கும் வானப் பட வசதியைத் தருகின்றன. வேறு பல நிறுவனங்களின் போன்களிலும் புரோ முறையில் 10, 15 விநாடி எடுக்கலாம். நம் வானத்தில் நான்கு நிமிடம் விட்டால் படம் வெளிறிய சாம்பல் நிறமாக வரும். 8 அல்லது 10 விநாடியாகப் பல படங்கள் எடுத்துப் பின்னர் அடுக்குவதே, அதாவது மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்குவதே மேல். ஒரையன் விண்மீன் குழுவின் இடைவார், கார்த்திகைக் கொத்து, மூன்றாம் பிறை பக்கத்தில் வெள்ளி நிற்கும் மாலைக் காட்சி, நட்சத்திரங்கள் கோடாக வளையும் தடப்படம் ஆகியவை இதற்குள் அடங்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

செலவு ஒரு கிளிப்பும் முக்காலியும்தான். கடற்காற்றில் மலிவு முக்காலி ஆடும். தண்ணீர் நிரப்பிய ஒரு பையை அதன் நடுக்கம்பியில் தொங்கவிட்டால் நின்றுவிடும். வேறு எந்தப் பொருளையும் வாங்கத் துணிவதற்கு முன்னால் ஒரு தை மாதம் முழுக்கப் போனை மட்டும் வைத்துப் பாருங்கள் என்பதே என் கருத்து. இரவு பத்து மணிக்கு மேல் கொசுவைப் பொறுத்துக்கொண்டு மாடி ஏறும் ஆள்தானா நீங்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் 50 மி.மீ. லென்ஸும்

நம் சூழலுக்கு மிகவும் பொருந்தும் தெரிவு என்று நான் கருதுவது இதுதான், ஆகவே சற்று விரிவாகப் பார்க்கலாம். பழைய தொடக்கநிலைக் கேமரா உடல் ஒன்று, எஃப் 1.8 துளை கொண்ட 50 மி.மீ. லென்ஸ், உறுதியான முக்காலி, இடைவெளி விட்டுத் தானே படமெடுக்கும் ரிமோட் ஆகிய நான்கும் சேர்த்துச் சேமிப்பில் பாதிக்குள் முடித்துவிடலாம்.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் விநாடிக்கு 15 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்கின்றன. ஒரையன் வான நடுக்கோட்டின் மேலேயே இருப்பதால் அங்கே இந்த நகர்வு உச்சத்தில் இருக்கும். 50 மி.மீ. லென்ஸில், சிறிய சென்சர் கேமராவில், 4 விநாடிக்கு மேல் விட்டால் புள்ளிகள் கோடாக நீளத் தொடங்கும். இருண்ட வானத்தில் இது பெரிய தடை; நமக்கு அவ்வளவு இல்லை, ஏனெனில் 30 விநாடி விட்டாலும் பின்னணி வெளுத்துத்தான் போகும். எனவே எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 1600, 4 விநாடி என்று வைத்து, சென்சர் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா வடிவில் நூற்றுக்கணக்கில் எடுத்து அடுக்க வேண்டும். அடுக்கும் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில் இரைச்சல் (படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் பொட்டுகள்) குறையும். நூறு படம் அடுக்கினால் பத்தில் ஒரு பங்காகும்.

ஒற்றைப் படத்தில் ஒரையனின் வாள் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் பின்னணியில் மூன்று புள்ளிகள் மட்டும் தெரியும். நடுப்புள்ளி மட்டும் சற்று ஊதி, விளிம்பு கலங்கியிருக்கும். முந்நூறு படம், அதாவது இருபது நிமிட ஒளி, அடுக்கியபின் அந்தக் கலங்கலிலிருந்து இருபுறமும் இறக்கை விரிந்து, உள்ளே ஊதாவும் வெளியே மங்கிய நீலமுமாக எம் 42 நெபுலா உருப்பெறும். டீப்ஸ்கை ஸ்டேக்கர், சிரில் ஆகிய இரண்டு மென்பொருள்களும் இலவசம். நகர வெளிச்சத்தால் படத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் படரும் சாய்வை நீக்க கிராக்ஸ்பெர்ட் உதவும், அதுவும் இலவசமே.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் அதிகம். மணிக்கு ஏறத்தாழ 900 படம். ஒவ்வொன்றும் 25 மெகாபைட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 22 ஜிகாபைட்டுக்கு மேல், அடுக்கும் மென்பொருள் தற்காலிகமாக உருவாக்கும் கோப்புகள் அதைப்போல் சில மடங்கு. பழைய லேப்டாப் இதில் திணறும். ஷட்டருக்கும் ஆயுள் உண்டு. தொடக்கநிலைக் கேமராக்களில் ஒரு லட்சம் முறை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வாங்கும்போதே பாதிக்கு மேல் ஓடிய உடலை எடுத்தால் சில குளிர்காலங்களில் தீர்ந்துவிடும் என்பதால், ஷட்டர் எண்ணிக்கையைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். கேமரா அசையாமல் நிற்க வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால், இருபது நிமிடத்துக்கொரு முறை எழுந்துபோய்த் திசையைச் சரிசெய்யவும் வேண்டும்.

‘ஒளி மாசு வடிகட்டி’ ஒன்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மஞ்சள் சோடியம் விளக்குகள் ஒளிர்ந்த காலத்தில் அது பயன்பட்டது, அந்த விளக்கின் ஒளி குறுகிய சில நிறங்களில் அடங்கியிருந்ததால். இன்றைய வெள்ளை எல்.ஈ.டி. விளக்கின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால் அதை மட்டும் தனியே வடிக்க முடியாது. மேலும், சாதாரணக் கேமராவின் உள்வடிகட்டி, நெபுலாக்கள் உமிழும் 656 நானோமீட்டர் சிவப்பொளியின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆகவே குதிரைத்தலை நெபுலா, ரோஜா நெபுலா ஆகியவற்றில் ஆசை வைக்காமல், கார்த்திகை, ரோகிணியைச் சூழ்ந்த கொத்து, பூசத்துக் கொத்து, எம் 42 ஆகியவற்றை இலக்காகக் கொள்வது நல்லது.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதே கேமரா வீட்டு விசேஷத்துக்கும் பயணத்துக்கும் உதவும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இரவில் ராக்கெட் ஏறும்போது, வடக்குப் பார்த்த மாடியில் அகலக்கோண லென்ஸோடு நீண்ட நேரம் திறந்து வைத்தால் தீக்கோடு வளைந்து ஏறுவதை முழுதாகப் பிடிக்கலாம். அந்தப் படம் வேறு ஊர்க்காரர்களுக்கு எளிதில் வாய்க்காது.

ஸ்டார் டிராக்கர்

கேமராவை வானத்தின் சுழற்சிக்கு ஈடாக மெல்லத் திருப்பும் இந்தக் கருவியைத்தான் பல வழிகாட்டிகள் ‘அடுத்த படி’ என்று முன்வைக்கின்றன. நம் பகுதியில் இதை முதல் வாங்கலாகப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் அச்சை வடதுருவத்துக்கு நேராக வைக்க வேண்டும்; அதற்குத் துருவ நட்சத்திரம் கண்ணில் பட வேண்டும். 13 பாகை உயரத்தில் அதன் ஒளி, உச்சியில் இருக்கும் நட்சத்திரத்தைவிட நான்கு மடங்குக்கும் கூடுதலான காற்றைக் கடந்து வருகிறது. அந்தக் காற்றில் உப்பீரமும் புகையும் கலந்திருக்கின்றன. பின்னணியில் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி வெளிச்சம். பக்கத்து வீட்டின் தண்ணீர்த் தொட்டி மறைத்தால் அதுவும் இல்லை. போனின் திசைகாட்டியை நம்பி வைக்கலாம்தான், ஆனால் கான்கிரீட்டில் உள்ள கம்பியும் முக்காலியின் இரும்பும் அதைச் சில பாகை திருப்பிவிடும்.

இவ்வளவு பாடுபட்டு நேராக்கினாலும் பலன் என்ன? நீண்ட நேரம் திறந்து வைக்கும் வசதியை நம் வானமே பயனற்றதாக்கிவிடுகிறது. 135 அல்லது 200 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவருக்கு மட்டும் நிலைமை வேறு, ஏனெனில் டிராக்கர் இல்லாமல் அவர்கள் ஒரு விநாடியைத் தாண்ட முடியாது. மாதம் ஒருமுறையாவது மலைப்பக்கம் போகக்கூடியவர்களுக்கும் இது நல்ல துணை. அங்கே இது தன் விலைக்கு நேர்மையாக உழைக்கும்.

ஸ்மார்ட் டெலஸ்கோப்

சீஸ்டார் எஸ்50 போன்றவை 2023 முதல் இந்தப் பொழுதுபோக்கின் போக்கையே மாற்றிவிட்டன. 50 மி.மீ. துளை, 250 மி.மீ. குவிதூரம், உள்ளேயே கேமரா, லென்ஸைச் சூடேற்றும் வசதி, நெபுலா ஒளியை மட்டும் விடும் இரட்டைப் பட்டை வடிகட்டி எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. மாடியில் வைத்து, போனில் இலக்கைத் தொட்டால், வானத்தைத் தானே படம் பிடித்து, நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டுத் திசையைக் கண்டுகொள்ளும். துருவ நட்சத்திரம் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். மேலே சொன்ன முதல் அளவுகோலில், அதாவது சிரமமில்லாமல் மணிக்கணக்கில் ஒளி சேர்ப்பதில், இதற்கு ஈடில்லை. டி.எஸ்.எல்.ஆருக்கு எட்டாத ரோஜா நெபுலாவின் ஒரு பகுதியை நகரத்து மாடியிலிருந்தே இது காட்டிவிடும்.

நம் அட்சரேகைக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இது மேல்கீழ், பக்கவாட்டு என்ற இரண்டு அசைவுகளில் பின்தொடர்வதால், பார்வைப் புலம் (படத்துக்குள் விழும் வானப் பகுதி) மெல்லச் சுழலும். பொருள் உச்சிக்கு அருகில் போகும்போது அந்தச் சுழற்சி வேகமெடுக்கும். ஒரையன் நமக்கு 72 பாகை உயரம் வரை ஏறுகிறது, அங்கே சுழற்சி மணிக்கு 47 பாகை அளவுக்கு இருக்கும். படத்தின் மூலைகள் கலங்கி, ஓரங்களை வெட்ட நேரிடும். அதே ஒரையன் நேர்கிழக்கில் இருக்கும்போது சுழற்சி ஏறக்குறைய இல்லை. ஆகவே கடற்கரைப் பக்கத்தார், அது எழுந்து முப்பது பாகை உயர்ந்ததும் தொடங்கி, தலைக்கு மேல் வருவதற்குள் முடித்துக்கொள்வதே சரி. மாற்றாகக் கருவியைச் சாய்த்துத் துருவ அச்சில் இயக்கும் முறையும் உண்டு. நமக்கு அந்தச் சாய்வு கிட்டத்தட்டப் படுத்த நிலை என்பதால், முக்காலி கவிழாமல் எதிர்ப்பக்கம் எடை கட்ட வேண்டும்.

குறைகளும் சிறியவையல்ல. பார்வைப் புலம் 1.3 பாகைக்கு 0.7 பாகைதான், ஆந்திரோமிடா விண்மீன் மண்டலம் ஒரே சட்டத்தில் அடங்காது. வியாழன் சுமார் இருபது பிக்சல் அகலப் பொட்டாகத்தான் வரும், கோள்களுக்காக இதை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். இறக்குமதிச் செலவும் வரியும் சேர்ந்து சேமிப்பு முழுவதையும் இதுவே கொண்டுபோய்விடும். பழுதானால் பிரித்துப் பார்க்கும் கடை பக்கத்தில் இருக்காது. செயலி இல்லாமல் இயங்காது என்பதால், அந்த நிறுவனம் செயலியைப் பராமரிக்கும்வரைதான் இதன் ஆயுள். கற்றுக்கொள்ளும் ருசியும் குறைவு. சில மாதங்களில் எல்லா இலக்கும் முடிந்துவிட்டதாக ஒரு சலிப்பு வரக்கூடும். ஆனால் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவருக்கும், கணினியில் உட்காரப் பொறுமையில்லாதவருக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை.

நிலாவும் கோள்களும் மட்டும் போதும் என்பவர்களுக்கு

114 அல்லது 130 மி.மீ. ஆடித் தொலைநோக்கியை மேசைமேல் வைத்து, போனைக் கண்ணருகு வில்லையோடு பொருத்தி வீடியோ எடுத்து, ஆட்டோஸ்டேக்கர்ட் மென்பொருளில் அடுக்கினால் போதும். நகர வெளிச்சம் இதற்குத் தடையே இல்லை. காற்றின் அசைவுதான் எதிரி. பகலில் சூடேறிய கான்கிரீட் தளம் இரவு ஒன்பது, பத்து மணி வரை அனலைக் கக்கும் என்பதால் அதற்குப் பிறகு தொடங்குங்கள். வீட்டிலுள்ள குழந்தைகளும் பெரியவர்களும் கண்ணால் நேரே பார்க்கக்கூடிய ஒரே தெரிவும் இதுதான்.

எதை வாங்கினாலும் கூடவே வரும் செலவு

மார்கழிப் பனியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். நள்ளிரவை நெருங்கும்போது ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒரு மெல்லிய ஒளிவட்டம் விரியும். அடுத்த சில படங்களில் மங்கிய நட்சத்திரங்கள் மறையும். டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸின் முகம் முழுக்க ஆவி பூத்திருக்கும். பவர் பேங்கில் ஓடும் யு.எஸ்.பி. சூடேற்றும் பட்டை ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டுவது கட்டாயம். துணியால் துடைத்தால் உப்புத்துகள் பூச்சைக் கீறும். உள்ளே கொண்டுபோகும்போது பெட்டியில் மூடி வைத்து, ஈரம் உலர்ந்தபின்தான் அலமாரிக்குள் வைக்க வேண்டும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா இல்லையென்றால் ஆடி, ஆவணிக்குள் லென்ஸின் உள்ளே பூஞ்சை படரும். பழைய லென்ஸ் வாங்கும்போதும் டார்ச் ஒளியைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, சிலந்தி வலை போன்ற இழைகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

போகிக்கு முந்தைய இரவும் போகி இரவும் புகையால் வீண். அமாவாசையை ஒட்டிய பத்து நாட்களே மங்கலான பொருள்களுக்கு உகந்தவை. குளிர்காலத்து முழுநிலா நம் தலைக்கு மேலேயே ஏறி வருவதால் அன்று நிலாவைத் தவிர எதையும் எடுக்க வேண்டாம். குடியிருப்பு மாடி என்றால் சாவி யாரிடம் என்பதும் ஒரு செலவுதான். “என்ன தம்பி, ராத்திரியில மாடியில கேமரா?” என்று கேட்பவரை அழைத்து ஒருமுறை நிலாவைக் காட்டிவிட்டால், பெரும்பாலும் பிறகு சிக்கல் இருக்காது.

கருவியை விட்டுவிட்டு ஊரை விட்டுப் போவது

வாங்கும் பணத்தில் பாதியைப் பயணத்துக்கு வைத்துக்கொள்வதும் ஒரு தெரிவே. பழவேற்காடு சென்னையிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். கிழக்கு வானம் நன்றாக இருந்தாலும், தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் ஒளி எட்டிப் பார்க்கும், ஈரம் நம் வீட்டைவிட அதிகம். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா இருப்பதால் இரவில் முக்காலியோடு நிற்பவரை விசாரிக்கக்கூடும், ஆகவே உள்ளூரில் தெரிந்தவரோடு போவது நல்லது. ஜவ்வாது மலை வேறு தரம். இந்திய வான் இயற்பியல் நிறுவனம் 2.3 மீட்டர் வேணு பாப்பு தொலைநோக்கியை அங்கே காவலூரில் நிறுவியதற்கு வானத்தின் இருட்டும் ஒரு காரணம். அங்கே பழைய கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் ஒரு மணி நேரத்தில் சேர்க்கும் ஒளியை, நம் மாடியில் ஒரு குளிர்காலத்தின் பல இரவுகள் சேர்த்தாலும் ஈடுகட்டுவது கடினம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது இரவு தங்கி வர வாய்ப்புள்ளவர்கள், ஸ்மார்ட் டெலஸ்கோப்புக்கான தொகையைக் கேமராவுக்கும் பயணத்துக்கும் பிரித்துக்கொள்வதே நியாயம். ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி வரை வரும் அமாவாசைகளைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பரில் புயல் மேகம் குறுக்கிடும். ஏப்ரல் வந்துவிட்டால் இருட்டும்போதே ஒரையன் மேற்கே சாய்ந்திருக்கும்.